கேபிளைப் பிடுங்கினால் யாராவது கத்துவார்கள்

“இந்த மெஷினை நிறுத்தலாம்னு முடிவு பண்றது யாரு? ஒரே ஒரு பேர் சொல்லுங்க. நான் என் வேலையைப் பார்த்துட்டுப் போயிடறேன்.”

மாலின் இப்படிக் கேட்டதும், கூட்ட அறையிலிருந்த எட்டுப் பேரும் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தவறவிட்டவர்கள் போலக் குனிந்துகொண்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஹோகன் அவளை எச்சரித்திருந்தார். கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் தலைவர். இங்கே எதை வேண்டுமானாலும் கேட்கலாம். முதலாளியம்மா லொவிசாவைப் பெயர் சொல்லி ‘நீ’ என்று கூப்பிடலாம், அவள் திட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். முடிவு செய்தது யார் என்று மட்டும் கேட்கவே கூடாது. முடிவு என்பது எல்லோரும் சேர்ந்து பேசப் பேசத் தானாகப் படிவது. அதற்கு ஆள் கேட்பது, மழைக்கு ஆள் கேட்பது மாதிரி. இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டுதான் மாலின் ஐந்து மாதம் பொறுத்திருந்தாள்.

சுண்ட்ஸ்வால் நகரத்துக்கு வெளியே இருந்த அந்த ஜன்னல் கம்பெனி இரண்டு வருடமாகக் கிளவுடுக்கு மாறிக்கொண்டிருந்தது. கிளவுட் என்றால் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. வடக்கே ஆற்றங்கரையில் வேறொருவன் கட்டி வைத்திருக்கும் டேட்டா சென்டரில் நம் வேலைகளையெல்லாம் வாடகைக்குக் குடி வைப்பது, அவ்வளவுதான். இதற்கு அறுபத்து நாலு பக்கத்தில் ஒரு திட்ட அறிக்கை போட்டிருந்தார்கள். அதில் ‘பயணம்’ என்ற சொல் நாற்பத்தோரு இடத்தில் வந்தது; மாலின் எண்ணிப் பார்த்திருந்தாள். எதை எந்தத் தேதியில் நிறுத்துவது என்பது ஒரு இடத்திலும் இல்லை.

மெயில் போய்விட்டது, வரைபடங்கள் போய்விட்டன, ஆர்டர்கள் போய்விட்டன. அடித்தளத்தில், சைக்கிள் நிறுத்தும் அறைக்குப் பக்கத்தில், ஒரே ஒரு பழைய சர்வர் மட்டும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. அதற்குள் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. வெளியே மைனஸ் இருபது. இந்த ஒற்றைப் பெட்டியைக் குளிர வைக்க உள்ளே ஒரு ஏசி இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தது.

மாலினை வேலைக்கு எடுத்ததே அந்த அடித்தளத்தைக் காலி செய்யத்தான். ஆறு மாதம் தற்காலிகம், வேலை முடிந்தால் நிரந்தரம் என்று பேச்சு. இன்னும் நாலு வாரம்தான் பாக்கி. மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டுவிட்டு இதே கம்பெனியில் இருபத்தாறு வருடமாகக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருக்கும் அவள் அம்மாவும் இதைத்தான் சொல்லிவிட்டிருந்தாள்: நாலு வாரம் மூஞ்சியைச் சாந்தமாக வைத்துக்கொள். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் மாலின். ஆனால் சாந்தமான மூஞ்சிக்கு எந்தக் கல்லூரியிலும் பாடம் கிடையாது.

லொவிசா தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரைக் கேட்கலாம் என்று யோசிக்க ஒரு சின்னக் குழு போடலாமே என்றாள். அப்போதுதான் ஹோகனுக்கு உயிர் வந்தது. உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு என்றார். கேபிளைப் பிடுங்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எவன் ஓடி வந்து கத்துகிறானோ, மெஷின் அவனுடையது. யாரும் கத்தவில்லையென்றால் தூக்கிப் போட்டுவிடலாம். யாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை என்றதும் எட்டு முகமும் ஒன்றாக மலர்ந்தன.

மறுநாள் காலை மாலின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். மெஷினை அணைக்கவில்லை, வெளியுலகத் தொடர்பை மட்டும் அறுத்தாள். மேலே வந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

யாரும் கத்தவில்லை.

ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும் போனது. ஹோகன் விசில் அடித்துக்கொண்டே நடமாடினார். வெள்ளிக்கிழமைக் காப்பிக்குப் பச்சை நிறத்தில் பாதாம் மாவு போர்த்திய கேக் சொல்லியாயிற்று. கிளவுட் பயணம் இனிதே முடிந்ததைக் கொண்டாட.

மாலினுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. இருபது வருடம் ஓடிய ஒரு மெஷினுக்கு ஒரு ஆள்கூட இல்லையா? கேக் வரவேண்டிய அன்று காலை சமையலறையில் பால் எடுக்கப் போனவள், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சீட்டை முதன்முறையாக நின்று படித்தாள். நீல மையில், ஸ்கேல் வைத்த மாதிரி கையெழுத்து:

‘எடுத்தவருக்குத் தெரியும். திரும்ப வைத்துவிட்டால் நன்றாயிருக்கும். நன்றி. இங்கே வேலை செய்யும் ஒருத்தி.’

கீழே வேறு வேறு கையெழுத்தில் ஒரு வழக்கே நடந்துகொண்டிருந்தது. சீஸ் சீவுகிற கரண்டியைக் காணாமல் எனக்கும் கஷ்டமாக இருக்கிறது என்று ஒருவர். நான் எடுக்கவில்லை என்று இன்னொருவர். யாரும் உன்னைச் சொல்லவில்லையே என்று மூன்றாமவர். யாரோ நல்ல மனசுக்காரர் புதுக் கரண்டியே வாங்கி, ரிப்பன் கட்டி, ஃப்ரிட்ஜ்மேல் வைத்திருந்தார். சீட்டு ஒட்டிய தேதி மூலையில் இருந்தது. கேபிளைப் பிடுங்கியதற்கு மறுநாள்.

அந்த நீல மையைத் தேடி அவள் மாடி மாடியாக ஏறி இறங்கினாள். கடைசியில் லாரி அனுப்பும் பிரிவில் கண்டுபிடித்தாள். அங்கே குன்னெல், ஐம்பத்தெட்டு வயது, ஸ்கேலும் பேனாவுமாகப் பெரிய தாளில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். எந்த லாரியில் எந்த ஜன்னல் முதலில் ஏறவேண்டும் என்ற பட்டியல். முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏறவேண்டும். தப்பினால் நடுரோட்டில் எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டும். இரண்டு வாரமாகக் கையால் போடுகிறாள். கட்டைவிரலில் பிளாஸ்டர்.

மாலினுக்கு மூக்கு நுனி வரை கோபம் வந்தது.

“ரெண்டு வாரமா ஏன் சொல்லல?”

“சொன்னேனே,” என்றாள் குன்னெல் நிதானமாக. “ஃப்ரிட்ஜுல ஒட்டியிருக்கேன்.”

“அது சீஸ் கரண்டின்னு ஊரே நினைச்சுக்கிட்டிருக்கு.”

“நான் கரண்டின்னு எழுதலையே. இதுக்கு மேல என்ன கூரை ஏறியா கத்த முடியும்? நீங்க எல்லாரும் சேர்ந்து யோசிச்சு முடிவு பண்ணியிருப்பீங்கன்னு நினைச்சேன்.”

யாரும் முடிவு செய்யவில்லை என்று மாலின் சொன்னதும், குன்னெல் பேனாவை மூடி வைத்தாள். பிறகு, ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது அவளே எழுதிய புரோகிராம். இருபது வருடத்துக்கு முன் சாயங்கால வகுப்பில் படித்து, ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதியது. அன்றிலிருந்து இந்தக் கம்பெனியின் ஒவ்வொரு ஜன்னலும் அவள் சொன்ன வரிசையில்தான் லாரி ஏறியிருக்கிறது. ஆண்டறிக்கையில் ‘லாரிப் பட்டியல் சீரமைக்கப்பட்டது’ என்று ஒரு வரி வந்ததாம்.

“சீரமைக்கப்பட்டதா? தானாவா சீரமைஞ்சுது?”

“என்னுதுன்னு நானே எப்படிச் சொல்லிக்கிறது, மாலின்?”

அன்றைக்கே கேபிளைத் திரும்பச் செருகினாள். கேக் மட்டும் சொன்னபடி வந்தது. எல்லோரும் மனம் கோணாமல் சாப்பிட்டார்கள். அடுத்த ஒன்பது நாள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அந்தப் புரோகிராமைக் கிளவுடுக்கு ஏற்றினார்கள். குன்னெல் தன் பழைய தப்புகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, பழைய காதலனைத் தெருவில் பார்த்தவள் போல வெட்கப்பட்டாள். பத்தாம் நாள் காலையில் முதல் லாரி சரியான வரிசையில் கிளம்பியது.

மெஷினை நிறுத்துவதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் ‘உருவாக்கியவர்’ என்று ஒரு கட்டம், ‘நிறுத்த முடிவு செய்தவர்’ என்று ஒரு கட்டம். கம்பெனியில் அந்தக் கட்டங்களை நிரப்பினவர் எவரும் கிடையாது. முதல் கட்டத்தில் உன் பெயரைப் போடப்போகிறேன் என்று மாலின் சொன்னபோது, குன்னெல் கைகளைப் பிசைந்தாள். கதவுப் பக்கம் பார்த்தாள்.

“போடேன்,” என்றாள் கடைசியில். “சின்ன எழுத்துல போடு.”

மாலின் பெரிய எழுத்தில் போட்டாள். இரண்டாவது கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். கீழே போய் மெஷினை அணைத்தாள். ஏசியையும் அணைத்தாள்.

ஆறு மாதம் முடியும் நாளில் லொவிசா கூட்டத்தைக் கூட்டினாள். மேஜைமேல் மாலினின் நிரந்தர வேலைக் கடிதமும் ஒரு பேனாவும் தயாராக இருந்தன. லொவிசா வெகு அழகாகப் பேசினாள். இந்த வெற்றி எல்லோருடையதும் என்றாள். பிறகு படிவத்தை எடுத்து, அதில் ஒரு சின்னத் திருத்தம் என்றாள்.

“பேரெல்லாம் எதுக்கு? ‘மெஷின் நிறுத்தப்பட்டது’ன்னு இருந்தா அழகா இருக்கும். நாம எல்லாரும் சேர்ந்து செஞ்சதுதானே.”

“நீ செஞ்சியா, லொவிசா?” என்றாள் மாலின். “ஹோகன் செஞ்சாரா? எழுதினது குன்னெல். அணைச்சது நான். மீதிப் பேர் கேக் சாப்பிட்டீங்க.”

யாரோ நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்தார்கள்.

லொவிசாவுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் மாலினைச் சுட்டது. முதலில் கடிதத்தில் கையெழுத்துப் போடு, பெயர் விஷயத்தைப் பிறகு நிதானமாகப் பேசலாம் என்று கடிதத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

மாலின் பேனாவைத் தொடவில்லை. குன்னெல் பெயர் அந்தக் கட்டத்தில் இருந்தால்தான் தன் பெயர் இந்தக் கடிதத்தில் இருக்கும் என்றாள். இதையும் எல்லோரும் கலந்து பேச வேண்டும் என்றாள் லொவிசா. ஒரு சின்னக் குழு. ஹோகன் குழுவில் யார் யார் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அவர் நாலாவது விரலுக்கு வரும்போது மாலின் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கடிதத்தின்மேல் வைத்தாள். பெயரை எடுக்கத்தான் போகிறார்கள் என்று ஊகித்து, தன்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்த ஆற்றங்கரை டேட்டா சென்டருக்கு ‘வருகிறேன்’ என்று முந்தின நாள் மத்தியானமே எழுதிவிட்டதை அவள் அங்கே யாருக்கும் சொல்லவில்லை.

“எங்க கிளம்பிட்டே?” என்றார் ஹோகன், விரல் அந்தரத்தில் நிற்க. “இன்னும் முடிவே ஆகலையே.”

“எனக்கு நேத்தே ஆயிடுச்சு,” என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமலே போனாள்.