எட்டு இல்லாத தொட்டிகள்

எனக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ வந்திருந்தது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். அது பாபநாசம் அண்ணாச்சி வைத்த சட்டம். முக்கூடல் ரோட்டில் இருந்த அந்த ஊறுகாய்க் கம்பெனி அவருடையது, சட்டமும் அவருடையது.

இரண்டும் ஒரே தப்புக்கு வந்தவை. தொட்டி மாற்றித் திறந்துவிட்டேன். மொத்தம் இருபத்துநான்கு எவர்சில்வர் தொட்டிகள். நெஞ்சு உயரம், அடியில் சக்கரம், எல்லாம் ஒரே அச்சு. உள்ளே உப்புத் தண்ணீரில் மாங்காய்த் துண்டுகள். நாற்பது நாள் ஊறியதைத்தான் மசாலாவுக்கு எடுக்க வேண்டும். பத்து நாள் ஊறியதும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். வாயில் போட்டால் தெரியும். வாயில் போடக் கூடாது என்பதும் சட்டம்.

தொட்டிகளில் பெயிண்டால் எண் எழுதியிருந்தார்கள். காலியான தொட்டியை வெளியே தள்ளிக் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவுவோம். காய்ந்ததும் இடம் கிடைத்த இடத்தில் நிறுத்துவோம். நாலு தடவை கழுவினால் பெயிண்ட் உதிர்ந்துவிடும். பிறகு தகரத்தில் எண் அடித்துக் கம்பியில் கட்டினார்கள். உப்பு கம்பியைத் தின்றது. ஒரு தகடு மாங்காயோடு பாட்டிலுக்குள் போய், துபாயில் யாரோ ஒருவர் சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது.

அங்கிருந்து கடிதம் வந்தது. எண் தொட்டியின் உலோகத்திலேயே இருக்க வேண்டும், வெளிப்பக்கம் மட்டும், அழுக்குத் தங்காத ஆழத்தில், எத்தனை கழுவினாலும் அழியாமல். சரிபார்க்க ஜூலையில் ஆள் வரும். ஆறு மாதமாக நான் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொன்னபோது அது சோம்பேறி சொல்லும் சாக்கு. துபாய் சொன்னதும் அது உத்தரவு.

அம்பாசமுத்திரத்தில் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டுகிற சொரிமுத்துவை நான்தான் கூட்டி வந்தேன். கல்யாணச் சீர் பாத்திரங்களில் பேரும் தேதியும் வெட்டியே ஐம்பது வயது ஆனவர். தொட்டிகளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"யாரு வீட்டுக் கல்யாணம் வே? அண்டாவே இருவத்திநாலு வச்சிருக்கீய."

"துபாய்க்காரன் கல்யாணம், அண்ணாச்சி. பேரு வேண்டாம், நம்பர் மட்டும் போதும்."

சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்து, சாக்பீஸால் ஒன்றிலிருந்து இருபத்துநான்கு வரை நானே எழுதினேன். அவர் அதன்மேல் வெட்டினால் போதும். ஞாயிறு எனக்கு வார விடுமுறை. காலை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை வந்தபோது அவர் கடைசித் தொட்டியில் இருந்தார். வேலை சுத்தம். உள்ளங்கை அளவு எண்கள், விரலால் தடவினால் லேசாக உறுத்தியது, அவ்வளவுதான். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஆறு, ஏழு, ஒன்பது. ஒன்பதுக்குப் பக்கத்தில் ஒரு பூ. கடைசித் தொட்டியில் இருபத்தேழு என்று வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எட்டு எங்க?"

"மொதலாளி வேண்டாம்னுட்டாரு. நான் பாதி வெட்டிட்டேன், ஓடி வந்து கையப் புடிச்சிட்டாரு. வெட்டினத அழிக்க முடியுமா? அதான் மேல ஒரு பூவப் போட்டு மறைச்சேன்."

"பதினேழயும் காணோம்."

"ஒண்ணும் ஏழும் எட்டாம்லா. இருவத்தாறும் அப்பிடித்தானாம். எனக்கென்ன வே? இருவத்திநாலு தொட்டி, இருவத்திநாலு நம்பரு. எண்ணிப் பாத்துக்கிடும்."

பாபநாசம் அண்ணாச்சிக்கு எண் ஜோதிடம் பிடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது என்று நல்ல ஸ்கூட்டரை விற்றவர். கம்பெனிப் பலகையில் ஆங்கில எழுத்து ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தவர். நேராக அவரிடம் போனேன்.

"அண்ணாச்சி, ரிஜிஸ்டர்ல எட்டு இருக்கு. தொட்டியில இல்ல."

"இருந்துட்டுப் போட்டும்லே. அது பேனா எழுத்து. இது உலோகத்துல வெட்டுதது. இதுல எட்ட வெட்டி வச்சா சனி இங்கனயே குடியிருப்பான்."

"பெயிண்ட்ல எட்டு இருந்துச்சே."

"அதான் உதிர்ந்துட்டுல்லா. உதிராதத எழுதும்போது யோசிச்சு எழுதணும்லே."

மாடியில் ரிஜிஸ்டர் எழுதுபவர் ஜயலக்ஷ்மி மேடம். கெமிஸ்ட்ரி படித்தவர், கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவார். எந்தத் தொட்டி எத்தனை நாள் ஊறியது என்பது அவர் புத்தகத்தில்தான் இருக்கும். எதைத் திறக்க வேண்டும் என்று காலையில் அவரிடமிருந்து சீட்டு வரும்.

"மேடம், நம்பர் மாறிட்டு. ரிஜிஸ்டரையும் மாத்திருங்க."

"நடுவில எப்படி மாத்தறது? எல்லாத் தொட்டியிலயும் நாள் கணக்கு ஓடிண்டிருக்கு. அடிச்சுத் திருத்தினா வர்ற ஆள் ஒத்துக்க மாட்டார். உள்ள இருக்கற சரக்கு தீரட்டும், மெர்வின்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"கூட்டிக்கோங்கோ. பாலிடெக்னிக்ல படிச்சவர்தானே?"

பாதியில் விட்டவன் என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு தாளில் எழுதினேன். ஒன்று முதல் ஏழு வரை அதே எண். பழைய எட்டு முதல் பதினைந்து வரை ஒன்று கூட்டவும். பதினாறு முதல் இருபத்துமூன்று வரை இரண்டு கூட்டவும். இருபத்துநான்கு என்பது இருபத்தேழு. கீழே தேதியும் கையெழுத்தும் போட்டுச் சுவரில் ஒட்டினேன். மத்தியானம் அண்ணாச்சி அதைக் கிழித்துப் போட்டார். தின்கிற சாமான் செய்கிற இடத்தில் சுவரில் என்ன காகிதம் என்றார். துண்டுகளைப் பொறுக்கி, டேப் ஒட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வேலை பார்த்தேன். ஒரு தப்பும் வரவில்லை. தூக்கத்தில்கூடக் கூட்டினேன்.

துபாய் கம்பெனிக்காரர் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. திங்களும் செவ்வாயும் திறக்க எந்தத் தொட்டியும் இல்லை. புதன்கிழமை காலை வந்த சீட்டில் பன்னிரண்டு என்று இருந்தது. ஒன்று கூட்டிப் பதின்மூன்றைத் திறந்தேன். மிளகாயும் எண்ணெயும் கலந்து முடித்து, சட்டத்தை மீறி ஒரு துண்டை வாயில் போட்ட பிறகுதான் தெரிந்தது, உள்ளே இருந்தது பத்து நாள் மாங்காய். நானூறு கிலோ.

மாடிக்கு ஓடினேன்.

"பன்னிரண்டுதான எழுதினேன்? நீங்க ஏன் பதின்மூணத் திறந்தேள்?"

"கூட்டச் சொன்னது நீங்கதான், மேடம்."

"திங்கக்கிழமைலேருந்து புது நம்பருக்கு மாறியாச்சே. வர்றவர் கீழ பாக்கற நம்பர்தான் மேலயும் இருக்கணும்னு முதலாளி சொல்லிட்டார். எல்லார்கிட்டயும் சொன்னேனே."

"யாருகிட்ட?"

பேக்கிங்கில் சொல்லியிருந்தார். குடோனில் சொல்லியிருந்தார். வாட்ச்மேனுக்குக்கூடத் தெரிந்திருந்தது. தொட்டியைத் திறக்கிறவனுக்கு மட்டும் தெரியவில்லை. வியாழக்கிழமை மூன்றாவது மெமோ வந்தது. சனிக்கிழமை மாலையோடு வேலை முடிகிறது.

வெள்ளிக்கிழமை வந்தவர் பம்பாய்க்காரர், தமிழ் தெரியாதவர். ஒவ்வொரு எண்ணிலும் நகத்தால் கீறிப் பார்த்தார், ஈரத் துணியால் துடைத்துத் துணியைப் பார்த்தார். திருப்தி என்று முகத்தில் தெரிந்தது. ஒன்பதின் பக்கத்தில் இருந்த பூவைக் காட்டி என்ன என்று கேட்டார். கம்பெனி முத்திரை என்று அண்ணாச்சி சொல்ல, மேடம் அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

பிறகு பன்னிரண்டாம் தொட்டியில் கை வைத்து ரிஜிஸ்டரைக் கேட்டார். போன சனிக்கிழமைப் பக்கத்தில் பன்னிரண்டு, ஆறு நாள். திங்கட்கிழமைப் பக்கத்தில் பன்னிரண்டு, முப்பத்தெட்டு நாள். இரண்டு நாளில் மாங்காய்க்கு எப்படி இவ்வளவு வயதானது என்று கேட்டார். மேடம் எண் மாறியதை விளக்கினார். அவர் தலையாட்டிவிட்டு, எந்த எண் எந்த எண்ணாக மாறியது என்று அப்போதே எழுதிய காகிதம் எங்கே என்றார். காகிதம் இல்லாவிட்டால் இந்த எண்களுக்கு அர்த்தம் இல்லை, சரக்கையும் எடுக்க முடியாது.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"ஏலே மெர்வின், அன்னைக்கு ஒரு சீட்டு ஒட்டுனியே, அது எங்கன?"

"நீங்க கிழிச்சதா?"

"அதேதான்."

"பையில இருக்கு. நேத்து நீங்க தந்த மெமோவும் அதே பையிலதான் இருக்கு."

பம்பாய்க்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தேடுகிறார்கள் என்று மேடம் அவரிடம் சொன்னார்.

"மொதல்ல மெமோவக் கிழியுங்க, அண்ணாச்சி."

"ஆளு நிக்கான்லே."

"அவருக்குத் தமிழ் தெரியாது. சிரிச்சுக்கிட்டே கிழியுங்க."

அவர் சிரித்துக்கொண்டே நாலாகக் கிழித்தார்.

"கார்பன் காப்பி?"

"பேசுததுக்கு நல்ல நேரம் பாத்தியேலே." முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "ஏம்மா, மேல போயி அந்தக் காப்பிய எடுத்துட்டு வா."

மேடம் போய் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. டேப் ஒட்டிய தாளை நான் நீட்டினேன். பம்பாய்க்காரர் தேதியைப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார், அதை ரிஜிஸ்டரில் ஒட்டச் சொல்லிப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். ஒரே ஒரு குறை எழுதினார். முத்திரை ஒரு தொட்டியில் இருந்தால் போதாது, எல்லாவற்றிலும் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சொரிமுத்து மறுபடி வந்து இருபத்துமூன்று பூ வெட்டினார்.

வேலை போகவில்லை. அண்ணாச்சி ஒரு வாரம் என்னைப் பார்க்காமலே நடந்தார். நாற்பது தொட்டி போட்டாலும் எட்டு வராமல் எண் போடலாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சீட்டு வந்தது. பத்தொன்பது. மாடி ஏறி, பழைய பத்தொன்பதா புதியதா என்று கேட்டேன்.

"புதுசுதான். இன்னும் என்ன சந்தேகம்?"

கீழே வந்தேன். பத்தொன்பது பளபளவென்று இருந்தது, பக்கத்தில் பூ. இனி நான் செத்தாலும் அழியாது. வால்வில் கை வைத்தேன். பிறகு கையை எடுத்துவிட்டு மறுபடி மாடி ஏறினேன். 'புதிய எண்' என்று சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன்.