கோவிந்தன் வீட்டு வெடிப்பெட்டி

விடியற்காலை ரயில் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் நிற்பது இரண்டே நிமிஷம். அதற்குள் ஏறி, ஜன்னலோரம் பிடித்து, பையை மேலே போட்டு, நாட்டைத் திருத்த ஆரம்பித்துவிடுவார் கோவிந்தன். பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டி வேலை. போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

எதிர் சீட்டில் அசோகன். கார்மென்ட்ஸ் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவர். இருவரும் ஒரே வருஷம் மைன்ஸில் சேர்ந்தவர்கள், ஒரே கேங்கில் பாறையில் ஓட்டை போட்டு வெடிமருந்து கெட்டித்தவர்கள். அப்போதும் இதே கதைதான். அத்தனை ஆயிரம் அடிக்குக் கீழே, கோவணம்வரை வேர்த்து நனைந்து, தொப்பி விளக்கு வெளிச்சத்தில் டிபன் டப்பாவைத் திறந்தால் போதும், அரசாங்கம் இப்படிச் செய்திருக்கணும், அப்படிச் செய்திருக்கணும் என்று இருவரும் ஆரம்பித்துவிடுவார்கள். "கவர்மென்ட்டு கேஜ் லிப்ட்ல எறங்கி இங்க வராது, ஏந்திருங்கடா!" என்று மேஸ்திரி கத்துவார். என்ன மனுஷர்கள், என்ன நாட்கள்! இரண்டாயிரத்து ஒன்றில் மைன்ஸை மூடினார்கள். சண்டை மட்டும் மூடவில்லை, ரயிலில் ஏறிக்கொண்டது.

அன்றைக்குப் பேச்சு சூடாகவே இருந்தது. வடக்கே ஏதோ ஓர் ஊர்ச் சந்தையில் குண்டு வெடித்துப் பதினோரு பேர் செத்திருந்தார்கள். மதத்தைக் காப்பாற்றத்தான் செய்தோம் என்று எவனோ முகத்தை மூடிக்கொண்டு போன் வீடியோவில் பேசியிருந்தான்.

"சந்தேகம்னு வந்தா மொதல்ல தூக்கி உள்ள போடணும்டா," என்றார் கோவிந்தன். "அப்பால கேளு, நீ யாரு, எவருன்னு. நல்லவனா இருந்தா ரெண்டு நாள்ல வூட்டுக்குப் போறான். இன்னா கெட்டுப்போச்சி?"

"ரெண்டு நாள் நீ போய் உட்கார்ந்து பாரு, தெரியும்," என்றார் அசோகன். "குண்டு வச்சவனை விடுன்னு நான் சொல்லல. ஆனா பேரைப் பார்த்து, தாடியைப் பார்த்து தெருவையே அள்ளிக்கினு போனா, வச்சவன் அந்தப் பக்கமா நடந்து போயிடுவான்."

"செத்தவனுக்கு யாருடா பதில் சொல்றது?"

"அவனுக்காகத்தாண்டா சொல்றேன். தப்பான ஆளை உள்ள வச்சா செத்தவனுக்கு நியாயம் கெடைச்சிடுச்சா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ் ஆனிக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் வெடிச்சதுக்கு அப்புறம் நடக்கிற கதையே பேசிக்கினு இருக்கீங்க. ஒரு பையன் சரியா சாப்புடாம, போனும் கையுமா, மத்தவன் எல்லாம் பாவின்னு பேச ஆரம்பிக்கிறான் பாருங்க, அப்பவே அம்மாக்காரிக்குத் தெரிஞ்சிடும். அவ யார்கிட்ட போய்ச் சொல்லுவா? ஸ்டேஷன்ல சொன்னா புள்ளை திரும்பி வருவானா? அப்படி ஒருத்தி போய் அழறதுக்கு ஒரு எடம் வச்சிருக்குதா கவர்மென்ட்டு?"

"சிஸ்டர், நீங்க எல்லாத்துக்கும் ஊசி இருக்குதுன்னு நினைக்கிறீங்க," என்று கோவிந்தன் சிரித்தார். ஆனி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பங்காருபேட்டையில் கூட்டம் ஏறியது. பிறகு ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை.

மேலே, பைகளுக்கு நடுவில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? சுரங்கத்துக்கு ஜெலட்டின் வெடிகுச்சிகள் வந்த பெட்டி அது. அந்தக் காலத்தில் மைனிங் லைன் குடியிருப்பில் அது இல்லாத வீடே கிடையாது. அரிசி அதில்தான், ரேஷன் சர்க்கரை அதில்தான். குப்புறப் போட்டால் நாற்காலி, நிமிர்த்தி வைத்தால் சாமி மாடம். கோவிந்தனின் மகள் ஷில்பா அதன் மேல் நோட்டை வைத்துத்தான் பத்தாவது வரை படித்தாள். இப்போது பெங்களூரில் சொந்தமாக வீடு வாங்கியிருக்கிறாள். "அப்பா, அந்தப் பொட்டி எனக்கு வேணும்" என்று போனில் கேட்டபோது கோவிந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி லதா அதைத் துடைத்து, உள்ளே வடகமும் மோர் மிளகாயும் நிரப்பிக் கொடுத்தாள். மூடியில் சிவப்பு எழுத்தில் 'வெடிபொருள், அபாயம்' என்று இங்கிலீஷில் இருந்தது. நாற்பது வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து அந்த வீட்டில் யாருக்கும் அது எழுத்தாகவே தெரியவில்லை. தினமும் கண்ணாடி நீட்டி ஊரார் காரின் அடிவயிற்றைச் சோதிக்கிற கோவிந்தனுக்கும்தான் தெரியவில்லை!

பெங்களூரில் இறங்கும்போது கோவிந்தனுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. "குடுறா இப்படி" என்று அசோகன் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். கூட்டம் தள்ளியதில் கோவிந்தன் பத்தடி முன்னால் போய்விட்டார்.

வெளியே போகும் வழியில் போலீஸ் நின்றிருந்தது. கூடவே ஒரு மோப்ப நாய். கோவிந்தன் அதைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தார். நாய் அசோகன் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. குரைக்கவில்லை, கடிக்கவில்லை, உட்கார்ந்தது, அவ்வளவுதான். வெடிமருந்து வாசனை கண்டால் அப்படி உட்காரத்தான் அதைப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பெட்டி மரம் எத்தனை வருஷம் மருந்தைக் குடித்திருந்ததோ! நாலு போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். ஜனம் சிதறியது. பெட்டியைத் தூரமாக வைக்கச் சொல்லி, அசோகனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள். அசோகன் கூட்டத்தில் தேடினார். கோவிந்தனைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோவிந்தன் திரும்பி அவரிடம் போயிருக்க வேண்டும். பத்தடி. போகவில்லை. அந்த வாரம்தான் அவருக்கு வேலையைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் போலீஸ் வெரிபிகேசன் வேண்டும். அறுபது வயது ஆளுக்குச் சின்னக் கறை போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 'உள்ளே வடகம்தானே இருக்கு, திறந்து பார்த்துட்டு விட்டுடுவாங்க' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

பத்து மணிக்கு அசோகனுக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தது. பதினோரு மணிக்கும் அப்படியே. பதினொன்றரைக்கு அசோகனின் மனைவி பழனியம்மா கூப்பிட்டாள்.

"அண்ணா, அவரு போனே எடுக்கல. உங்க கூடத்தானே வந்தாரு?"

"ஷிப்ட்ல இருப்பான்மா. போனை உள்ள வுடமாட்டாங்க," என்றார் கோவிந்தன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

போனை வைத்த பிறகு பழைய கேங் நினைவுக்கு வந்தது. மைன்ஸில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பன்னிரண்டு ஓட்டைக்கு மருந்து வைத்தால் பன்னிரண்டு சத்தம் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால், காத்திருந்துவிட்டு, வைத்தவனேதான் போய்ப் பார்க்க வேண்டும். இன்னொருத்தனை அனுப்பினான் என்று தெரிந்தால் கேங்கில் ஒருத்தரும் அவனோடு சோறு தின்னமாட்டார்கள். கோவிந்தன் ஒருநாளும் அனுப்பியதில்லை. அந்தப் பழைய கோவிந்தன் எங்கே போனான் என்று அவருக்கே அவமானமாக இருந்தது. சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய போலீஸ் அறையில் அசோகன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் காலையிலிருந்து அதே பெஞ்சு. சட்டையெல்லாம் வேர்வை.

"சார், அந்தப் பொட்டி என்னுது," என்றார் கோவிந்தன்.

சப் இன்ஸ்பெக்டர் ரவிகுமார் நிமிர்ந்து பார்த்தார். "ஸ்வல்ப, கொஞ்சம் இருங்க. இவர் காலையிலேந்து தன்னோடதுன்னு சொல்றாரே? அப்பா காலத்துப் பொட்டின்னு எழுதியே கொடுத்திருக்காரு."

"அவரு சும்மா சொல்றாரு சார்," என்று அசோகன் எழுந்தார். "வயசாயிடுச்சி, வெயில்ல வந்திருக்காரு. பொட்டி என்னுதுதான்."

"டேய், வாயை மூடு!" கோவிந்தனுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "சார், உள்ளே வடகம் இருக்கும், மோர் மிளகாய் இருக்கும். என் சம்சாரம் கட்டினது. என் பொண்ணு பேரு மூடிக்கு உள்பக்கம் காம்பஸ்ல கீறியிருக்கும். பாருங்க."

பார்த்தார்கள். இருந்தது. ரவிகுமார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு பெரியவங்க சேர்ந்து பொய் சொன்னா நான் யாரை நம்பறது? பாம் ஸ்குவாட் லெட்டர் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் உட்காருங்க. உங்க பேரு, வேலை செய்யற எடம், சூப்பர்வைசர் நம்பர், எல்லாம் சொல்லுங்க."

கோவிந்தன் எல்லாவற்றையும் சொன்னார். ரவிகுமார் எழுதிக்கொண்டு, போனை எடுத்து, அந்த நம்பரைக் கூப்பிட்டபடியே வெளியே போனார். வேலை போனது போனதுதான். அது கோவிந்தனுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. பெஞ்சில் அசோகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏண்டா என் பேரைச் சொல்லல?"

"உனக்கு இந்த வாரம் வெரிபிகேசன்னு சொன்னியே. நான் ஸ்டோர்ல பொட்டி எண்றவன், எனக்கு இன்னா?"

"நான் திரும்பிப் பார்த்தேண்டா. பார்த்துட்டுத்தான் போனேன்."

"தெரியும்."

"கோவம் வரலியா?"

அசோகன் வாசலைக் காட்டினார். "நீ வருவேன்னு தெரியும். எத்தினி மணிக்குன்னுதான் தெரியல. ஒன்பதாச்சி, பத்தாச்சி. பதினொண்ணுக்கு மேல கொஞ்சம் பயமாயிடுச்சி."

"போலீஸுக்கா?"

"இல்லடா. நீ வராமயே போயிட்டா, நாளைக்கு ரயில்ல உன் மூஞ்சியை எப்படிப் பார்க்கிறதுன்னு."

கோவிந்தன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். விரல் இரண்டு முறை தப்பான இடத்தில் பட்டது. மூன்றாவது முறை பழனியம்மாவின் குரல் கேட்டது.

"பழனிம்மா, நான் சொன்னது பொய்யி. அவன் ஷிப்ட்ல இல்ல. என் பொட்டியைத் தூக்கிக்கினு வந்ததுக்காகப் போலீஸ்ல காலையிலேந்து உட்கார்ந்துக்கினு இருக்கான். நான் பார்த்தேன்மா. பார்த்துட்டு வேலைக்குப் போயிட்டேன்."