முக்கி எடு, ஊற வை

துரு எடுப்பதில் என்னை மிஞ்ச அந்த வீட்டில் ஆள் கிடையாது. முலாம் பூசும் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் ஆசிட் தொட்டி முன்னால் நின்றவள் நான். முட்டி தேய்ந்ததும் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தம்பி வீட்டில் இருக்கிறேன். தம்பி பொண்டாட்டி சமைக்கிறாள், நான் சாப்பிடுகிறேன். உள்ளதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அவளுக்கு நான் வைத்த பெயர் பீச்சாங்கை. எல்லாமே இடது கையில்தான் செய்வாள். ஆனால் துணி வெட்டினால் கோடு போட்ட மாதிரி வரும், அதை மறுக்க முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் தையல் கடையில் வேலை பார்த்தவள். அவள் அப்பா எங்கேயோ சொல்லிவைத்து வரவழைத்த இடதுகைக் கத்தரியோடுதான் இங்கே வந்தாள். எங்கள் வீட்டில் அந்தக் கத்தரிக்குக் கிடைத்த உத்தியோகம் பால் பாக்கெட் வெட்டுவது. நாலு வருஷம் பாத்திரம் தேய்க்கும் தொட்டி ஓரம் ஈரத்தில் கிடந்து செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.

போன மாதம் ஒரு சட்டை கம்பெனியில் துணி வெட்ட ஆள் கேட்டார்கள். மறுநாள் காலை சொந்தக் கத்தரியோடு போய் ஒரு சட்டை வெட்டிக்காட்ட வேண்டும். தம்பியும் "போய்த்தான் பாரேன்" என்றுவிட்டான். இவள் கிளம்பிப் போனால் அடுப்படியில் யார் நிற்பது? இந்த முட்டியோடு நானா? அதைவிட, என்னை வேண்டாம் என்று துரத்திய வேலை இவளை வா வா என்று கூப்பிடுகிறதே என்ற எரிச்சல்.

மத்தியானம் கத்தரியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, இந்தத் துருவ எப்படி எடுக்கறது? உங்களுக்குத்தான் தெரியும்."

"பாத்ரூம் கழுவுற ஆசிட் இருக்குல்ல? பிளாஸ்டிக் மக்குல ஊத்து. ஜன்னலத் திறந்து வச்சுக்கோ."

"அப்புறம்?"

பட்டறையில் இதற்கு ஒரே பேச்சுதான்: முக்கி எடு. முக்கு, முப்பது எண்ணு, எடு, அலசு, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் போடு. புதிதாக வருகிறவர்களிடம் நான்தான் தொண்டை கிழியக் கத்துவேன். ஆசிட்டுக்குத் துரு எது இரும்பு எது என்று தெரியாது. துரு தீர்ந்ததும் இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

"ஊற வை" என்றேன்.

"எவ்வளவு நேரம்க்கா?"

"சாயங்காலம் வரைக்கும் ஊறட்டும். நடுவுல எடுத்து எடுத்துப் பாக்காத."

பார்க்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறவள். மக்கில் நுரை பொங்கியது. "சத்தம் கேக்குதாக்கா? துரு கழலுது" என்று சிரித்துக்கொண்டே அரிசி களைந்தாள். நான் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மூன்று மணி நேரம் இருந்தது.

சாயங்காலம் வெளியே எடுத்தாள். துரு சுத்தமாகப் போயிருந்தது. வாய் கறுத்து, பூச்சி அரித்த மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது. பழைய போர்வையில் வெட்டிப் பார்த்தாள். கத்தரி துணியை மென்று துப்பியது. அப்படியும் மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு போனாள். பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டாள். சூப்பர்வைசர் கத்தரியைப் பார்த்துச் சிரித்தாராம், துணியைக் கையில் கொடுக்கவே இல்லையாம்.

தம்பி சாப்பிட வந்தபோது பிடித்துக்கொண்டான்.

"எவளாவது மூணு மணி நேரம் ஆசிட்ல போடுவாளா? வீட்லயே ஆள் இருக்கு, கேக்க வேண்டியதுதானே?"

"அக்காதாங்க ஊற வைக்கச் சொன்னாங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"முக்கி எடுன்னுதானே சொன்னேன்? பன்னெண்டு வருஷம் வாய் ஓயாம சொன்ன வார்த்தை. நான் போய் ஊற வைன்னு சொல்லுவேனா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள்தான் தலையைக் குனிந்தாள்.

"என் காதுல அப்படித்தான் விழுந்துச்சு..."

"கைதான் கோணல்னா காதுமா?" என்று தம்பி சிரித்தான்.

"என் தப்புதான்க்கா" என்றாள்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகவே சாப்பிட்டேன்.

இப்போதெல்லாம் யார் எது சொன்னாலும் இரண்டு தடவை கேட்டுக்கொள்கிறாள். நேற்று பாலை இறக்கு என்றேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கரித்துணியோடு என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இறக்குன்னுதானேக்கா சொன்னீங்க?"

"கொதிக்கட்டும்னு சொன்னேன்."

"ஓ" என்று திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.