நாலு என்று எழுதிய மனு

வாத்தியார் நாலு என்று எழுதியதில் கணக்குப் பிழை ஒன்றும் இல்லை. அவர், அவர் மனைவி, பத்தாவது முடித்த பெரியவள், ஐந்தாவது படிக்கிற சின்னவள். கூட்டினால் நாலு. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு அதுகூடவா தெரியாது? தப்பு எங்கே என்றால், மற்ற மூன்று பேரையும் கேட்காமலே எழுதிவிட்டார்.

கேட்கிற வழக்கம் அவர்கள் போகிற கிறிஸ்தவ சபையில் கிடையாது. எந்த மனுவானாலும் குடும்பத் தலைவர் கையெழுத்துப் போடுவார். பக்கத்துக் கட்டத்தில் வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிவிடுவார். தெருவிளக்கு கேட்டு எழுதினார்கள். வேகத்தடை கேட்டு எழுதினார்கள். தெருவிளக்கு வேண்டாம் என்று எந்தப் பெண்டாட்டி சண்டை பிடிக்கப் போகிறாள்? ஆகவே அந்தக் கட்டத்தைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை. வாத்தியார் சபைச் செயலாளர் வேறு. முதல் கையெழுத்து எப்போதும் அவருடையது.

இந்த முறை விஷயம் வேறு. ஆலயத்தை ஒட்டிய மனையில் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த நர்ஸ் விடுதியை நகராட்சி எடுத்திருந்தது. சிறையிலிருந்து விடுதலையாகி வருகிற பெண்கள், போக இடம் கிடைக்கிற வரைக்கும் அங்கே தங்கலாம் என்று ஏற்பாடு. ஞாயிறு வகுப்புக்குக் குழந்தைகள் வந்து போகிற இடம், இங்கே வேண்டாம், வேறெங்காவது வையுங்கள் என்று சபை மனு எழுதியிருந்தது.

வாத்தியார் மனைவி டவுன் பஸ் ஓட்டுகிறவள். சபையில் எல்லோருக்கும் அவள் டிரைவரம்மா. வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையைத் துடைக்கும்போது மனு கண்ணில் பட்டது. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே முழுவதையும் படித்தாள்.

“ஏங்க, இந்த நாலுல நானும் இருக்கேனா?”

“நீ இல்லாம வீடா?” என்றார் வாத்தியார், பாசமாகத்தான்.

“அப்ப என்னை எடுத்துடுங்க.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பதில் கிடைக்காத இடத்தில் அவர் செய்கிற காரியம் அது.

அவளுடைய காலை வண்டி சிறை வாசல் வழியாகப் போகும். வாரத்துக்கு ஒருத்தியாவது அங்கே ஏறுவாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, காலில் அளவு சேராத செருப்பு. எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டால் கடைசி ஸ்டாப் என்பாள். போன மாதம் ஏறிய ஒருத்தி கடைசி ஸ்டாப்பில் இறங்கவில்லை. திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். மூன்றாவது நடையில் டிரைவரம்மா கண்ணாடியில் அவளைப் பார்த்து, “எங்கம்மா இறங்கணும்?” என்று கேட்டாள். “எங்க இறங்கினா நல்லதுன்னு நீங்க சொல்லுங்க, இறங்கிக்கறேன்” என்றாள் அவள். டிரைவரம்மாவுக்கு ஊரில் உள்ள எல்லா ஸ்டாப்பும் மனப்பாடம். அன்றைக்கு ஒன்றுகூடச் சொல்ல வரவில்லை. வண்டியை அடுத்த ஆளிடம் ஒப்படைக்கிறபோதும் அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் இருந்தாள். அதற்கப்புறம் என்ன ஆனாள் என்று தெரியாது. அந்த வெட்கம் டிரைவரம்மாவை விட்டுப் போகவே இல்லை.

அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டையைக் கத்திப் போடுவதில்லை. குடும்ப ஜெபத்தில் போடுவார்கள். வியாழக்கிழமை முறை வாத்தியாருடையது. “கர்த்தாவே, இந்த வீட்டுக்கு ஒருமனத்தைத் தாரும். பிடிவாதத்தை எங்களைவிட்டு அகற்றும்” என்று உருக்கமாக வேண்டினார். ‘எங்களை’ என்றது யாரை என்று சுவரில் இருந்த பல்லிக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை முறை அவளுடையது. “சிறையில இருக்கிறவங்களைப் போய்ப் பாருங்கன்னு சொன்னீர், ஆண்டவரே. நாங்க ஒருத்தரும் போகல. இப்ப அவங்களே பக்கத்து மனைக்கு வர்றாங்க, எங்களுக்கு பஸ் ஏறுற சிரமம்கூட இல்ல. இது சிலருக்குப் புரியும்படி கிருபை செய்யும்.” சின்னவள் ‘க்ளுக்’ என்று சிரித்து, அப்பாவிடம் முறைப்பு வாங்கினாள்.

சனிக்கிழமை வாத்தியார் மறுபடியும் தொண்டையைச் செருமியபோது பெரியவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

“நீங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்கங்களேன். எத்தனை நாளைக்கு ஆண்டவரை நடுவுல நிக்க வைப்பீங்க? பாவம் அவரு.”

வாத்தியாருக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் நேராக மனைவியிடம் போயிற்று.

“சரி, நேராவே கேக்கறேன். நம்ம பெரியவ ஞாயித்துக்கிழமை வகுப்பு எடுத்துட்டு சாயங்காலம் அந்த மதில் ஓரமாத்தான் தனியா வர்றா. உள்ள இருக்கிறவங்க என்ன பண்ணிட்டு வந்தவங்கன்னு உனக்குத் தெரியுமா? நீ பெத்தவதானே?”

சுருக்கென்றது அவளுக்கு. இருந்தாலும் குரலை உயர்த்தவில்லை.

“பெத்தவதான். தண்டனையை முழுசா அனுபவிச்சிட்டு வந்தவளுக்கு ஒரு கதவுகூட கிடையாதுன்னு என் பிள்ளைங்களுக்குக் காட்டிக்கொடுக்க மாட்டேன். நீங்க எதிர்க்கணும்னா எதிர்த்துக்கங்க. உங்க பேரை எடுக்கச் சொன்னேனா? என் பேரை எடுங்கங்கறேன். கேக்காம யாரையும் அந்தக் கட்டத்துல எண்ணாதீங்க. எடுக்கலேன்னா நாளைக்கு ஆலயத்துல நீங்க மனுவைப் படிக்கிறப்ப எழுந்து நானே சொல்லுவேன்.”

“சபையில வெச்சு மானத்தை வாங்கணுமா?”

“வாங்கணும்னா இன்னைக்கே சொல்லுவேனா?”

வாத்தியார் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் மாதிரி நிமிர்ந்து, “சரி, கேட்டுடலாம்” என்றார்.

சின்னவளுக்கு யோசனையே இல்லை. “நான் அம்மா பக்கம். அம்மா வண்டியில ஏறினவங்க அம்மாவை ஒண்ணும் பண்ணலையே.”

பெரியவள் பாய் ஓரத்தில் பிரிந்திருந்த கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். டிரைவரம்மா அவளை நம்பிக்கையோடு பார்த்தாள். இவள்தான் வகுப்பில் குழந்தைகளுக்கு இரக்கத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள். இவள் பதில் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை.

“நான் அப்பா கூட” என்றாள் பெரியவள்.

பிய்த்த கோரையைக் கீழே போட்டாள்.

“நீ சொல்றது சரின்னு தெரியுதும்மா. ஆனா எனக்குப் பயமா இருக்கு. அந்த மதில் ஓரமா நடக்கப் போறது நான்தான். நீ பஸ்ல போறே.”

டிரைவரம்மாவுக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது. நாக்கு நுனிவரைக்கும் வந்த பேச்சு ஏராளம். தாய் சொன்னால் மகள் கேட்டுக்கொள்கிற வயதும்தான். இன்னும் ரெண்டு வார்த்தை அழுத்திச் சொன்னால் பெண் வழிக்கு வந்துவிடுவாள் என்றும் தெரியும். ஆனால், கேட்டுவிட்டுத்தான் எண்ண வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது யார்? தனக்குப் பிடித்த பதில் வந்தால் மட்டும் கேட்பது, வாத்தியார் கேட்காமலே எழுதியதைவிடப் பெரிய மோசடி. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“சரி. உன் பேரு அங்கேயே இருக்கட்டும்” என்றாள். “சாயங்காலம் தனியா வர்றதுக்கு ஒரு வழி பண்ணுவோம். அது விடுதி வந்தாலும் வராட்டாலும் பண்ண வேண்டியது.”

வாத்தியார் மனுவை மடித்துப் பையில் வைத்தார். கட்டத்தைத் திருத்தினாரா என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அவர் மனுவோடு முன்னால் போய் நின்றார். ஒலிபெருக்கி ஒருதரம் கீச்சிட்டு அடங்கியது. குடும்பத்தையும் எண்ணிக்கையையும் படிப்பார், சபையார் ஆமென் சொல்வார்கள், திங்கட்கிழமை மனு நகராட்சிக்குப் போகும். டிரைவரம்மா முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நாலு என்ற சொல் வந்தால் எழுந்துவிடுவது என்று முடிவு.

“செயலாளர் குடும்பம்” என்று படித்தார் வாத்தியார். “இரண்டு.”

முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சபை மூப்பரான பெயின்ட் கடைக்காரர், உதவி செய்கிற நினைப்பில், “வாத்தியாரே, நாலுல்ல?” என்றார்.

“வீட்டுல நாலு பேரு இருக்கோம்ங்க. கேட்டேன். ஒத்துக்கிட்டவங்க ரெண்டு பேருதான்.” அவர் காது சிவந்திருந்தது, குரல் மட்டும் வகுப்பறைக் குரல். “நான் இன்னும் வேண்டாம்கிற கட்சிதான். ஆனா இல்லாத ரெண்டை எழுத முடியாது.”

டிரைவரம்மா பெஞ்சின் முதுகிலிருந்து கையை எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷனை இத்தனை பிடித்துப்போன நேரம் வேறு இல்லை.

வாத்தியார் அடுத்த பெயரைப் படிப்பதற்குள் மூப்பரின் மனைவி எழுந்து நின்றாள். ஆலயத்தில் பாட்டுக்குத் தவிர வாய் திறக்காத அம்மாள்.

“எங்க வீட்டு ஆறு பேருல என்னைக் குறைச்சிடுங்க.”

“உக்காரு. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்” என்றார் மூப்பர், தலையைத் திருப்பாமலே.

“வீட்டுல பேசியிருந்தா நான் ஏன் இங்க நிக்கப் போறேன்?”

பின்னால் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். அதற்குள் மூன்று பெஞ்சில் குசுகுசுப்பு. ஒரு தையல்காரர் தன் வீட்டு எண்ணை நிறுத்தி வைக்கச் சொன்னார். போதகர் எழுந்து வந்து வாத்தியாரிடமிருந்து தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேறு தாள் வைக்கிறோம், எழுதத் தெரிந்த ஒவ்வொருவரும் அவரவர் கையால் போடட்டும், போட மனமில்லாதவர்கள் உட்கார்ந்திருக்கட்டும் என்றார். மேஜையை நடுவில் இழுத்துப் போட்டார்கள்.

வரிசை நீண்டது. உட்கார்ந்தே இருந்தவர்களும் நிறையப் பேர். விடுதி வருமா வராதா என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. வாத்தியார் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

பெஞ்சின் உள்பக்கத்தில் இருந்த பெரியவள் எழுந்தாள். வழியில் அம்மாவின் முழங்கால். அவள் அம்மாவைப் பார்த்தாள். போகட்டுமா என்று கேட்கவில்லை, ஆனால் நகரவும் இல்லை.

டிரைவரம்மா காலை நன்றாக மடக்கி வழி விட்டாள். பெண் தாண்டிப் போனதும், அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் தன் கைப்பையை எடுத்து வைத்தாள்.