சுவர்ப் பக்கத்து ஜன்னல்

எனக்குக் கோபம் வந்தால் தெருக்கோடி வரை கேட்கும் என்பார்கள். கேட்கட்டுமே. சீட் கவர் கடையில் நாளெல்லாம் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த தொண்டை இது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சத்தமே வரவில்லை. என்னை என் அறையிலிருந்து கிளப்பிக் கொல்லைப்பக்கம் தள்ளுவதற்கு ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்கு ஜன்னல் படுதாவையும் என் கையாலேயே தைக்க வைத்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தைத்தேன். அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் தம்பி, அவன் மகள். அவள் அம்மா போனபோது அவளுக்கு நடக்கக்கூடச் சரியாகத் தெரியாது. அன்றிலிருந்து என் மெஷின் காலடியில்தான் வளர்ந்தாள். ஒல்லிப்பிச்சானாக இருந்துகொண்டு எதையாவது சொல்லிக் குத்திக்கொண்டே இருப்பாள். குண்டூசி என்று நான் வைத்த பேர் அப்படியே நிலைத்துவிட்டது. வெளியே போகும்போது யாராவது "உங்க பொண்ணா?" என்று கேட்டால் நான் திருத்துவதில்லை. அவளும் திருத்தியதில்லை. இப்போது வேலைக்குப் போகிறாள். கூட வேலை செய்கிற பையனோடு கல்யாணம் பேசி முடித்தாயிற்று.

வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் தம்பி. இன்னொன்றில் நானும் குண்டூசியும் என் மெஷினும். மாப்பிள்ளைப் பையன் யாரோடோ ஒண்டிக்கொண்டிருந்தான், சொந்தமாக ஜாகை இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் இதுகள் எங்கே குடித்தனம் நடத்தும் என்று நான் கேட்டபோதெல்லாம், "பாத்துக்கலாம்க்கா, நீ ஏன் மண்டையப் போட்டுக் குழப்பிக்கற?" என்று தம்பி பேச்சை மாற்றிவிடுவான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் அவன் தன் பழைய ஜீப்புக்குப் பின்னால் ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தான். வெள்ளைத் தகரம். இரண்டு சக்கரம், முன்னால் ஜீப்பில் மாட்டுகிற கொக்கி, உள்ளே ஒரு கட்டில், மடக்கு மேஜை, கை கழுவ ஒரு சின்னத் தொட்டி. நாலு ஜன்னல். அவனோடு கிடங்கில் வேலை பார்த்த யாரோ, குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போகும்போது இவன் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"என்னடா இது, பிஸ்கட் டப்பாவுக்குச் சக்கரம் வெச்சுக் கொண்டு வந்திருக்க?"

"உனக்காகத்தான்க்கா. எங்கயுமே போனதில்லன்னு புலம்புவியே. கல்யாணத்துக்கு முன்னாடி மூணு பேருமா ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். கடல் வரைக்கும்."

கடலை நான் நேரில் பார்த்ததில்லை. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சரியாக அந்த இடத்தில் கையை வைத்தான் பாவி. நான் உருகிப் போய்விட்டேன். "ஒரு கட்டில்தான் இருக்கு, நீ எங்கடா படுப்ப?" என்று கேட்டதற்கு, "நான் ஜீப்ல படுத்துக்கறேன், என் குறட்டையிலேர்ந்து நீங்களும் தப்பிச்சுக்கலாம்" என்றான். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

வண்டியைத் தெருவோரம் மரத்தடியில் நிறுத்தியிருந்தான். மரம் இருந்தும் மதியத்தில் உள்ளே கால் வைக்க முடியாது. அப்படி ஒரு வெக்கை. ஜன்னலைத் திறந்தால் வெயில் மூஞ்சியில் அடிக்கும். மழை வந்தால் மூடியாக வேண்டும், மூடினால் மூச்சு முட்டும். குண்டூசிதான் ஆரம்பித்தாள்.

"அத்தை, ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நீயே படுதா தைச்சுடேன். கடையில வாங்கினா உன் கை நேர்த்தி வருமா?"

ஐஸ் வைக்கிறாள் என்று தெரியும். அவள் வைக்கிற ஐஸ் எனக்குப் பிடிக்கும், என்ன செய்ய?

லாரிக்கும் ஜீப்புக்கும் தைத்த கைதான் என்றாலும் ஜன்னலுக்கு மேலே கூரை மாதிரிச் சாய்ந்து நிற்கிற படுதா வேறு வேலை. வாட்டம் சரியாக இருக்க வேண்டும். வாட்டம் குறைந்தால் மழைத் தண்ணீர் நடுவில் தேங்கி, துணி வயிறு மாதிரித் தொங்கிவிடும். அதிகமானால் உள்ளே இருக்கிறவருக்கு வெளிச்சமே வராது. பழைய செய்தித்தாளை ஒட்டி, ஜன்னல் மேல் வைத்து, பக்கவாட்டு முக்கோணத்தை மூன்று தடவை வெட்டிப் பார்த்தேன். குண்டூசி இஞ்சு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் அவள் முதலில் கற்றுக்கொண்ட வேலை அதுதான். நான் சொல்லாமலே எந்த மூலையில் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

துணி வாங்கக் கூடவே வந்தாள். எனக்கு நீலக் கோடு போட்டது பிடித்திருந்தது. அவளுக்கு இளமஞ்சள்தான் வேண்டுமாம். "நம்ம வீட்டுச் சுவர் கலருக்கு எடுப்பா இருக்கும் அத்தை" என்றாள். ஊர் சுற்றப் போகிற வண்டிக்கு வீட்டுச் சுவர் கலர் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. கல்யாணப் பெண், அவள் ஆசைப்படுகிறாள், போகட்டும் என்று மஞ்சளையே வாங்கினேன்.

கடை வேலை முடிந்து வந்து சாயங்காலங்களில் தைத்தேன். கெட்டித் துணி, தடித்த ஊசி, நைலான் நூல். மேல் விளிம்பை இரட்டை மடிப்பாக மடித்து ரிங் அடித்தேன். கீழ் விளிம்பில் கம்பி நுழைகிற மாதிரி ஒரு குழல் விட்டேன். ஊசி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் கசியக் கூடாது என்று தையல் மேலெல்லாம் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். விரல் நுனி எரியும். எரிந்தால் என்ன, மழை பெய்யும்போது கடற்கரையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, நானும் இவளும் டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டே தேய்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சுருட்டிக் கட்டுவதற்கு வாரும் பக்கிளும் வைக்கப் போனேன். "அதெல்லாம் எதுக்கு அத்தை? வீண் வேலை" என்றாள்.

"ஓடற வண்டியில விரிஞ்சு கெடந்தா காத்து பிச்சுக்கிட்டுப் போயிடும்டி, மக்கு. சுருட்டிக் கட்டிட்டுத்தான் வண்டியவே எடுக்கணும்."

அவள் பக்கிள்களை எடுத்து ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தாள்.

மூன்று படுதா முடிந்து நான்காவதற்குத் துணியை விரித்து, கத்தரிக்கோலை வைக்கப் போகிற நேரம். குண்டூசி கட்டிலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். துணி வீணாவதை அவளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. நான் வளர்த்த வளர்ப்பு அப்படி. ஒரு சாண் துண்டை எறிந்தால்கூடத் திட்டு வாங்கியே வளர்ந்தவள். வார்த்தை தானாக வந்துவிட்டது.

"அதுக்கு வேண்டாம் அத்தை, எதுக்குத் துணிய வீணாக்கற? அந்தப் பக்கம் சுவர்தானே வரும். வெயிலும் படாது, மழையும் படாது."

கத்தரிக்கோல் அப்படியே நின்றது. "ஓடற வண்டிக்கு எந்தப் பக்கம்டி சுவர்?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "இல்ல... இப்ப நிறுத்தியிருக்கற மாதிரி..." என்று இழுத்தாள். இப்போது நிறுத்தியிருந்த இடத்தில் ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் தெரு. சுவர் என்று எதுவுமே கிடையாது. போன் வருகிறது என்று எழுந்து போனாள். போன் அடித்ததாக எனக்குக் கேட்கவில்லை.

கூறுகெட்டவள் நான், அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். கல்யாணக் கனவில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நாலாவதையும் வெட்டினேன். மறுநாள் கடையிலிருந்து திரும்பும்போது, படுதாவுக்குக் கம்பி வாங்க வெல்டர் பட்டறைக்குப் போனேன். எப்போதும் நெருப்பு தெறிக்கிற இடத்தில் இருப்பதால் அவருக்குப் பொறி என்று பேர். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"வாங்கக்கா. கம்பி ரெடி. சக்கரத்த எப்ப கழட்டணும்? தம்பி ஞாயித்துக்கிழமைன்னாரு, சரிதானா?"

"எந்தச் சக்கரம்?"

"வண்டிச் சக்கரம்தான். கொல்லைக்குத் தள்ளிட்டுப் போயி, மதிலோட ஒட்டி நிறுத்தி, அடியில செங்கல் அடுக்கிடலாம்னு சொன்னாரு. முன்னாடி கொக்கி நீட்டிக்கிட்டு நடக்கற வழியில இடிக்கும், அத அறுத்துடுன்னாரு." பேசிக்கொண்டே கம்பிகளைக் கயிற்றால் கட்டினார். "நல்ல யோசனைக்கா. பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ள இருந்துக்குவாங்க, நீங்களும் தனியா நிம்மதியா இருக்கலாம்." கட்டி முடித்து நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏன்க்கா, உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாம என்ன?" என்றேன். கம்பியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். வெல்டருக்குத் தெரிந்திருக்கிறது. தெருவுக்கே தெரிந்திருக்கும். எல்லாரும் என்னைப் பார்த்து, "படுதா பிரமாதம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்களே, அவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும். அவமானத்தில் எனக்குக் காது இரண்டும் சுட்டது.

வீட்டுக்குள் போனபோது இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கம்பியைத் தரையில் போட்டேன். அந்தச் சத்தத்திலேயே தம்பிக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, நாங்களே சொல்லணும்னுதான்..."

"எப்படா சொல்லியிருப்ப? என் பாயையும் தலகாணியையும் தூக்கி வெளிய வெச்சப்புறமா?"

"வெளியன்னு ஏன்க்கா சொல்ற? கொல்லைதானே. கூப்பிட்டா கேக்கற தூரம். சாப்பாடெல்லாம் இங்கதான். ராத்திரி படுக்க மட்டும்..."

"கடலுக்குப் போறோம்னியே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தம்பியிடம் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவன் பூசி மெழுகுகிறவன். எதையும் நேராகச் சொல்லத் தைரியம் கிடையாது. என்னை நிமிர்ந்து பார்க்காமல் அவன் மகளைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் எனக்கு உதைத்தது.

"யாரோட யோசனைடா இது?"

அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் திறந்தாள்.

"நான்தான் அத்தை." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "உன் கையாலயே எல்லாம் செஞ்சா உனக்கு அந்த வண்டி மேல ஒரு ஆசை வந்துடும்னு நெனச்சேன். அப்புறமா சொன்னா நீ கோவப்பட மாட்டேன்னு..."

அவள் மூக்கு ஒழுகியபோது துடைத்த கை, காய்ச்சலில் அவள் உளறியபோது விசிறிய கை, இந்தக் கையை இவள் எவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்! நான் ஒரு துணியைத் தொட்டுவிட்டால் அதை விடமாட்டேன் என்று தெரிந்து, அதையே தூண்டிலாகப் போட்டிருக்கிறாள். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். ஆசை வந்துவிட்டதா, இன்னும் கொஞ்சம் பாக்கியா என்று பார்த்திருக்கிறாள். ஊரில் யார் கழுத்தை அறுத்திருந்தாலும் கத்தித் தீர்த்திருப்பேன். இவளிடம் என்ன கத்துவது? துரோகம் என்ற சொல்கூட எனக்கு வாயில் வரவில்லை.

"நான் போகமாட்டேன்" என்றேன். "இது எங்கப்பா கட்டின வீடு. எனக்கும் சேத்துத்தான் கட்டினாரு."

"அப்ப நாங்க எங்க அத்தை இருக்கறது?" அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏன், அதுலயே இருங்களேன். புதுசாக் கட்டிக்கிட்டவங்களுக்குத் தனியா இருக்கறதுதானே நல்லது? கட்டில் இருக்கு, மேஜை இருக்கு. படுதா தைச்சு வெச்சிருக்கேன், சொட்டுத் தண்ணி உள்ள வராது. சாப்பாடெல்லாம் இங்கதான். ராத்திரி படுக்க மட்டும்."

"ஐயோ, அதுல போயி எப்படி அத்தை மனுஷங்க இருக்கறது!"

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் சொல்ல வேண்டியதை அவளே சொல்லிவிட்டாள்.

என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு வெளியே அவள் அழுகிற சத்தம் கேட்டது. "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டாள். அவள் அழுது நான் எழுந்து போகாமல் இருந்ததே கிடையாது. அன்றைக்கு நான் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.