ரோமுக்குச் சிவப்புப் பூ

பதினாறாவது பிறந்தநாளுக்கு ரோம், பாரிஸ், பெர்லின் என்று சுகன்யா போட்ட திட்டத்துக்கு அப்பா தம்பிதுரை உடனே தலையாட்டிவிட்டார். "சாமிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம் அம்மணி" என்று அவளைக் குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிவந்தபோதுதான் வினையே ஆரம்பித்தது.

வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி இலையில் மடித்த பொட்டலங்களைக் குலுக்கி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார். ரோமுக்குச் சிவப்பு. பாரிஸுக்கும் சிவப்பு. இடிந்த சுவரைப் பார்க்க அவள் துடித்த பெர்லினுக்கும் அதே சிவப்பு. சரித்திரத்தின் மேல் சாமிக்கு அப்படி என்ன கோபமோ என்று சுகன்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்படியே ஜூரிச்சுக்கும் கேளுங்க பூசாரி" என்றார் அப்பா மெல்ல. அவர் வெகுநாளாகக் கண் வைத்திருந்த தறி மெஷின் கம்பெனி அங்கேதான் இருந்தது.

வெள்ளை வந்தது.

"சாமி சொன்னாச் சொன்னதுதான். நாம மீறக் கூடாது" என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப அந்தத் தறிக் கம்பெனிக்குப் போலாமான்னும் கேளுங்க" என்றாள் சுகன்யா.

சிவப்பு.

அப்பா அந்தப் பூவைக் கொஞ்ச நேரம் முறைத்தார்.

"சாமிக்குச் சரியாக் காதுல உளுகலையாட்ட இருக்குதுங்க பூசாரி. இன்னொருக்காக் கேளுங்க."