மாமன் சீரும் ஏழு நாள் கடனும்

குப்புராஜ் கடன் வாங்கியதைக்கூட மன்னித்துவிடலாம். கடன் வாங்காமல் இந்தப் பக்கத்தில் எவன் மாமன் சீர் செய்திருக்கிறான்? ஆனால் கடன் கொடுத்த அந்தச் செல்போன் ஆப், "உங்களை நன்கு அறிந்த ஒருவரின் எண்ணைத் தரவும்" என்று கேட்டபோது, போயும் போயும் தங்கை கோகிலாவின் மாமனார் எண்ணைக் கொடுத்தானே, அதைத்தான் மன்னிக்க முடியாது.

பழக்க தோஷம். அவன் ஊரான இண்டூரில் யாரிடம் கைமாற்று கேட்டுப் போனாலும் முதல் கேள்வி, "நீ யாரு வூட்டுப் பையன்?" என்பதுதான். பெரிய மனிதர் ஒருவர் பெயரைச் சொன்னால் பெட்டி திறக்கும். குப்புராஜின் சொந்தத்தில் பெரிய மனிதர் என்றால் கோகிலாவின் மாமனார் மாதவராஜ் ஒருவர்தான். கடத்தூர்ப் பக்கம் பால் சொசைட்டித் தலைவர், நாலு பஞ்சாயத்தில் பேச்சு எடுபடும் ஆள். அந்தப் பெயரைப் போட்டால் தனக்கும் ஒரு மரியாதை என்று நினைத்தான். கடன் கொடுத்தவனோ, கழுத்தைப் பிடிக்க வாகான இடம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டான்.

கோகிலாவின் மகள் பிரியதர்ஷினி பெரியவளானதும் சடங்குக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஓசூரில் ஒரு கம்பெனியில் குப்புராஜ் கான்ட்ராக்ட் ஆள். கான்ட்ராக்டர் சம்பளத்தை இன்று நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தான். பஞ்சாங்கம் கான்ட்ராக்டருக்காகக் காத்திருக்குமா? கோகிலாவின் மாமியார் ராணியம்மாள் வேறு, கல்யாணமான நாளிலிருந்தே, "உம் பொறந்த வூட்ல இருந்து என்னத்த வந்துச்சு?" என்று குத்திக்கொண்டிருந்தாள். இந்தச் சீரில் அவள் வாயை அடைத்தே தீருவது என்று குப்புராஜ் முடிவு செய்திருந்தான். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, வரிசைத் தட்டுகள், மேளம். கையிலிருந்தது பாதிக்குத்தான் கண்டது.

ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர்களிடம் போயிருக்கலாம். போனால் அவன் கடத்தூர் போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். செல்போனில் விளம்பரம் வந்தது: சம்பளம் வரும்வரை கவலை இல்லை, ஐந்து நிமிடத்தில் பணம், யாருக்கும் தெரியாது. அந்த 'யாருக்கும் தெரியாது'தான் அவனை இழுத்தது. எட்டாயிரம் கேட்டான். கட்டணம், அது இதென்று பிடித்துக்கொண்டு ஐயாயிரத்துச் சொச்சம் வந்தது. ஒரே வாரத்தில் முழு எட்டாயிரத்தையும் கட்ட வேண்டும். கந்துவட்டிக்காரன்கூட இதைக் கேட்டால் வெட்கப்படுவான். சம்பளம் வந்தால் கட்டிவிடலாம் என்று எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அமுக்கினான்.

சீர் நன்றாகத்தான் நடந்தது. மேளச் சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்தது. ராணியம்மாளே கொலுசைக் கையில் எடுத்துப் பார்த்து, "கெட்டியாத்தான் இருக்குது" என்றாள். கோகிலா அன்று முகத்தை நிமிர்த்தி நடந்ததைக் குப்புராஜ் கண் குளிரப் பார்த்தான்.

கெடு வந்தது, சம்பளம் வரவில்லை. அதே ஆப் இன்னொரு ஆப்பைக் காட்டியது: இதில் வாங்கி அதைக் கட்டு. கட்டினான். அடுத்த வாரம் மூன்றாவது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் கதைதான். சம்பளம் ஒருவழியாக வந்தபோது அது வட்டிக்கே பற்றவில்லை. பணம் கேட்டுப் போனில் முதலில் தேன் குழைத்துப் பேசினாள் ஒரு பெண், பிறகு வந்தான் ஒருத்தன். அவன் பேச்சை வெளியில் சொல்ல முடியாது. கம்பெனியில் மெஷின் முன்னால் நிற்கும்போது சட்டைப்பையில் போன் அதிரும்; அவன் நெஞ்சும் சேர்ந்து அதிரும். கூட வேலை செய்கிறவனுக்கு, குப்புராஜின் ஆதார் படத்தின் மேல் 'திருடன்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அவன்தான், "கட்டாதடா, கட்டக் கட்ட வளரும். சைபர் போலீசு நம்பர் 1930க்குப் போன் போட்டு கம்ப்ளைன்ட் குடு" என்றான். நாளைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று குப்புராஜ் தள்ளிப்போட்டான். புகார் என்றால் ஊருக்குத் தெரிந்துவிடுமே.

சனிக்கிழமை கோகிலா கூப்பிட்டாள். "அண்ணா, மாமா உன்ன நாளைக்கு வரச் சொல்றாரு." அவருக்கும் போன் போய்விட்டது என்று குப்புராஜுக்குப் புரிந்தது. அவள் குரலிலேயே எல்லாம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கடத்தூர் பஸ்ஸில் போகும்போது குப்புராஜுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. தங்கை தலை நிமிர்வதற்காகச் செய்த சீரே அவள் தலையைக் குனிய வைக்கப்போகிறது. காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று இருந்தான்.

மாதவராஜ் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ராணியம்மாள். சமையலறை வாசலில் கோகிலா நின்றாள். அண்ணனை நேராகப் பார்க்கவில்லை.

"மாமா, நான் பண்ணது..."

"பேசாத," என்றார் மாதவராஜ். "முடிஞ்சு போச்சு. நேத்தே அடைச்சுட்டேன்."

குப்புராஜுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. "எப்படிங்க மாமா அடைச்சீங்க?"

"கடன் கேட்டு எனக்குப் போன் பண்ண பொண்ணு லிங்க் ஒன்னு அனுப்புச்சு. அவங்க ஆப்ப எறக்கி அதுலதான் கட்டோணுமாம். நானே எறக்கி, நானே கட்டுனேன். உன்ன மாதிரி ஆளுங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்னு இல்லை."

"எறக்கும்போது ஏதாச்சும் கேட்டுச்சுங்களா?"

"போன்ல இருக்கற பேரு, போட்டோ எல்லாம் பாக்கலாமான்னு கேட்டுச்சு. பாத்துக்கன்னு அமுக்கி விட்டேன். நான் என்ன ஒளிச்சு மறைச்சு வாழற ஆளா?"

குப்புராஜ் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். அவர் கட்டிய பணம் கெடுவை ஒரு வாரம் தள்ளிவைக்கும் கட்டணமாகப் போயிருந்தது. அசல் அப்படியே இருந்தது. அதோடு விட்டார்களா? அவர் கேட்காமலேயே அவர் கணக்கில் நாலாயிரத்துச் சொச்சத்தைப் போட்டு, அவர் பெயரிலும் ஒரு கடன் எழுதிவிட்டிருந்தார்கள்.

"மாமா, இந்த நாலாயிரம் எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"சொசைட்டிப் பணமா இருக்கும்னு விட்டுட்டேன்."

"கடனுங்க. உங்க பேர்ல."

மாதவராஜ் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் போன் அடித்தது. குப்புராஜ் ஸ்பீக்கரில் போட்டான்.

"மாதவராஜா? சாயங்காலத்துக்குள்ள ஏழாயிரம் வரணும். இல்லைன்னா உன் போன்ல இருக்கற அத்தன பேருக்கும் சொல்லுவோம். பங்காளி தீர்த்தகிரின்னு ஒருத்தரு இருக்காரே, அவர்கிட்ட இருந்தே ஆரம்பிக்கட்டுமா?"

மாதவராஜின் முகம் வெளுத்தது. தீர்த்தகிரியும் அவரும் ஒரே தாத்தாவின் பேரன்கள். வரப்புத் தகராறில் தொடங்கி, சொசைட்டித் தேர்தல்வரை எதிரெதிர் நின்றவர்கள். தும்மினால்கூட ஒருவருக்கொருவர் தெரியக் கூடாது என்று வாழ்கிறவர்கள்.

"கட்டிரு," என்றார். "நீயே அமுக்கிக் கட்டிரு குப்புராஜு."

"கட்டுனா நாளைக்குப் பத்தாயிரம் கேப்பானுங்க மாமா. 1930ன்னு ஒரு நம்பர் இருக்குதுங்க, அதுல கம்ப்ளைன்ட் குடுக்கலாம்."

"போலீசா? சொசைட்டித் தலைவன் கடன்காரன்னு ஊரு சிரிக்கோணுமா?"

"எல்லாம் இவளுக்கு வந்த சீரால," என்றாள் ராணியம்மாள். "அந்தக் கொலுசக் கழட்டி அவங்கண்ணன் மூஞ்சியிலயே வீசச் சொல்லுங்க."

கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் குப்புராஜுக்கு எங்கிருந்தோ ஒரு வெறி வந்தது. மானம், மானம் என்று மூன்று மாதமாக இதையே மூடி மூடி வைத்து என்ன கண்டான்? மூடி வைத்ததைத்தானே அவர்கள் விலை பேசுகிறார்கள்? அவர்கள் சொல்லப்போவதைத் தானே முதலில் சொல்லிவிட்டால், பிறகு அவர்களிடம் விற்க என்ன இருக்கிறது?

"தீர்த்தகிரி மாமாவுக்கு நானே சொல்லிடறனுங்க."

"டேய், வேண்டாம்டா!" மாதவராஜ் எழுந்தே விட்டார். குப்புராஜ் நகர்ந்து நின்றுகொண்டு, அவர் போனிலிருந்தே கூப்பிட்டான். ஸ்பீக்கரை அணைக்கவில்லை. வீடு முழுக்கக் கேட்கட்டும்.

"என்ன மாதவராஜு, அதிசயமா?" என்றது தீர்த்தகிரியின் கனத்த குரல்.

"மாமா, நான் இண்டூரு குப்புராஜுங்க. கோகிலாவோட அண்ணன்." நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான். "செல்போன்ல கடன் குடுக்கறவங்ககிட்ட நான் கடன் வாங்கிட்டனுங்க. கட்ட முடியல. எங்க மாமாவையும் அதுல இழுத்து வுட்டுட்டேன். அவரு மேலயோ எந்தங்கச்சி மேலயோ ஒரு தப்பும் இல்லீங்க. இனி உங்களுக்கும் போன் வரும், அசிங்கமாப் பேசுவானுங்க. அதான் நானே சொல்லிடலாம்னு..."

மாதவராஜ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கோகிலா ஓரடி முன்னால் வந்தாள். போனில் எங்கோ ஒரு கதவு சாத்தும் ஓசை கேட்டது. தீர்த்தகிரியின் குரல் வந்தது, கனமெல்லாம் போய், ரகசியமாக.

"மெதுவாப் பேசுப்பா. எங்க வூட்ல யாருக்கும் தெரியாது. உன் போட்டோவையும் வெட்டி ஒட்டி அனுப்பிட்டானுங்களா?"